பிளஸ் ஒன் சேரும் நாளில் பூட்டப்படும் வாசல்

(மாணவர் வழிகாட்டி முகாமில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

சென்ற ஆண்டு ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒரு தந்தை தன் மகனை அழைத்து வந்தார். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். "ஹஜ்ரத், இவன் விமானப்படையில் பைலட் ஆகணும்கிறான், வழி சொல்லுங்க" என்றார். "என்ன குரூப் தம்பி?" என்றேன். "காமர்ஸ்" என்றான். எனக்கு நா எழவில்லை. பிளஸ் ஒன் விண்ணப்பம் நிரப்பிய அன்றே அந்த வாசல் பூட்டப்பட்டுவிட்டது. பூட்டியவர் யார்? எதிரிகளா? இல்லை, நாம்தான்! சொல்ல வேண்டிய நாங்கள் சொல்லவில்லை. கேட்க வேண்டிய நீங்கள் கேட்கவில்லை.

எனவே கவனமாகக் கேளுங்கள். முதல் வழி என்.டி.ஏ. தேர்வு. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம். வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. விமானப்படைப் பிரிவுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். தேர்வானால் புனே அருகே கடக்வாஸ்லாவில் 3 ஆண்டுகள். பிறகு ஹைதராபாத் அருகே துண்டிகலில் விமானப் பயிற்சி. பயிற்சி, உணவு, சீருடை எல்லாம் அரசின் செலவு. தனியார் பள்ளியில் பைலட் படிப்புக்குப் பல லட்சங்கள் வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்! 2022 முதல் நம் பெண்மக்களும் என்.டி.ஏ.வில் சேருகிறார்கள்.

பட்டம் பெற்றபின் இரண்டு வழிகள்: யு.பி.எஸ்.சி.யின் சி.டி.எஸ்.; விமானப்படையே நடத்தும் ஏஎஃப்கேட். விமானிக்கு வயது 20 முதல் 24. பி.ஏ.வோ பி.காமோ படித்திருந்தாலும், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வுக்குப்பின் 5 நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகம். அதில் தேறினால் கணினி வழி விமானித் திறன் சோதனை. இதில் வாழ்நாளில் ஒரே வாய்ப்புதான்! தோற்றால் விமானி ஆக முடியாது. ஆயத்தமில்லாமல் போகாதீர்கள்.

தாடி பற்றிக் கேட்பீர்கள். புதிதாகச் சேரும் முஸ்லிம்களுக்கு விமானப்படையில் தாடிக்கு அனுமதியில்லை. உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் அந்த விதியை உறுதிசெய்தது. விதி மாற வேண்டும் என்று கோருவது நம் உரிமை. ஆனால் அதை மறைத்து உங்கள் பிள்ளையை அனுப்பச் சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டு, வீட்டில் கலந்து பேசி முடிவெடுங்கள்.

1978-ல் விமானப்படையின் தலைமைத் தளபதியானவர் ஹைதராபாத்தில் பிறந்த இத்ரீஸ் ஹசன் லத்தீஃப். நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் விமானியாக விரும்பி டேராடூன் போனார். 25 பேரில் 8 பேரை எடுத்தார்கள், இவர் ஒன்பதாவது! வாசல் வரை போய்த் தோற்றவர் வேறு வாசலில் நுழைந்தார். வாசல் இருப்பதே தெரியாமல் நிற்பதுதான் இழிவு.

அந்தத் தம்பிக்குத் தரைப்படை வழியைச் சொன்னேன். எந்தக் குரூப் படித்தாலும் என்.டி.ஏ.வின் தரைப்படைப் பிரிவுக்கு எழுதலாம். பட்டம் முடித்தால் நம் சென்னை பரங்கிமலைப் பயிற்சிக் கழகமும் இருக்கிறது. தலையாட்டினான். ஆனால் கண் கலங்கியிருந்தது.

பெற்றோர்களே! பத்தாம் வகுப்பு முடிவு வருமுன் பிள்ளையின் கண்ணைச் சோதியுங்கள். நிறக்குருடு இருந்தால் விமானி ஆக முடியாது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ என்ன ஆக விரும்புகிறாய்?" அதற்குப் பிறகு குரூப்பைத் தேர்ந்தெடுங்கள்!