கம்ப்யூட்டருக்குப் பூசையா, பரீட்சையா?

(மாலை வகுப்பு உபாத்தியாயர்கள் கூட்டத்தில் பேசியது)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் கடவுளைப்பற்றியதோ புராணத்தைப்பற்றியதோ அல்ல. வீட்டில் கிடக்கும் சக்தி குறைந்த ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, தூரத்திலுள்ள பிள்ளைகளுக்குத் தடையின்றிப் பாடம் நடத்துவது எப்படி என்பதாகும். இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நிரம்பச் சம்பந்தமுண்டு என்பதே நமது அபிப்பிராயம். நாம் சொல்லுவதை உங்கள் புத்தியில் போட்டு உரைத்துப் பாருங்கள். சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! 1953-ஆம் வருஷத்தில் சென்னை ராஜ்யத்தில் ஒரு கல்வித் திட்டம் வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பாதி நேரம் போதும், மீதி நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். குலக்கல்வி என்று பெயரிட்டு நமது இயக்கம் அதை எதிர்த்துப் போராடிற்று. 1954-இல் அது ஒழிந்தது. ஆனால் 40 நிமிஷ வகுப்பில் 20 நிமிஷம் கம்ப்யூட்டர் நின்று நின்று போகுமானால் பிள்ளைக்குக் கிடைப்பது எவ்வளவு? அதே பாதி நேரந்தானே! அன்று சட்டத்தின் பெயரால் பறிக்கப்பார்த்ததை இன்று கோளாற்றின் பெயரால் நாமே பறிகொடுப்பதா? அதிலும் பறிபோவது யாருடைய நேரம்? 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டில் நல்ல யந்திரமும் நல்ல இணைப்பும் இருந்த பிள்ளைகள் படித்தார்கள். இல்லாத பிள்ளைகள் ஆடு மேய்க்கவும் கூலிக்கும் போனார்கள். தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளையே இதிலும் முதலில் நஷ்டப்படுகின்றது.

சரி, வகுப்பின் நடுவில் யந்திரம் நின்றுவிட்டால் நம்மவர்கள் என்ன செய்கின்றார்கள்? "இன்றைக்கு நேரம் சரியில்லை" என்கின்றார்கள். "ராகு காலத்தில் ஆரம்பித்தோம்" என்கின்றார்கள். ஆயுத பூசையன்று அதற்கு விபூதியும் குங்குமமும் அப்பி, பக்கத்தில் கர்ப்பூரமும் கொளுத்துகின்றார்கள். அந்தப் பொடியும் கரியும் எங்கே போகும்? காற்றாடியின் துவாரத்துக்குள்தான் போகும். துவாரம் அடைபட்டால் உள்ளே சூடேறும். சூடேறினால், கருகிப்போகாமலிருக்க யந்திரம் தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே பூசை செய்ததனாலேயே கம்ப்யூட்டர் மந்தமாயிற்று என்றால் அது வேடிக்கைப் பேச்சல்ல, யந்திரத்தின் இயல்பு.

நிற்க, 2012-இல் இங்கிலாந்திலிருந்து ராஸ்பெரி பை என்ற ஒரு சிறு கம்ப்யூட்டர் வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும், முதலில் வந்தபோது விலை 35 டாலர். ஏழைப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் கற்கவேண்டுமென்றே செய்யப்பட்டது. அதன் 4-ஆவது மாதிரியை நம்மில் சிலர் பாடம் நடத்த வைத்திருக்கின்றார்கள். அதன் திரையோரத்தில் சில சமயம் மின்னல்போன்ற ஒரு குறி தோன்றும். இந்திரன் கோபித்துக்கொண்டான் என்று எண்ணிவிடாதீர்கள்! 5 வோல்ட் வரவேண்டிய மின்சாரம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று யந்திரம் சொல்லும் சமாசாரம் அது. மட்டமான சார்ஜரையும் மெல்லிய ஒயரையும் எடுத்தெறிந்துவிட்டு அதற்குரிய 3 ஆம்பியர் சார்ஜரைப் போட்டால் மின்னல் மறையும். அதேபோல் 80 டிகிரி சூட்டைத் தொட்டால் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு சிறு காற்றாடி வைத்தால் தீர்ந்தது. எந்தப் புரோகிதரையும் கூப்பிடவேண்டியதில்லை.

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் கேளுங்கள். ராம் என்பது உபாத்தியாயரின் மேஜை. டிஸ்க் என்பது அலமாரி. மேஜை சிறிதானால் ஒவ்வொன்றுக்கும் அலமாரிக்கு ஓடவேண்டும். பழைய சுழல் டிஸ்க் நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகின்றது. வேண்டிய இடம் வந்துசேர, சராசரியாக அரைச்சுற்று காத்திருக்கவேண்டும். அதாவது ஒரு விநாடியை ஆயிரமாக்கினால் 5½ பங்கு. ஆயிரம் தடவை தேடினால் 5½ விநாடி போச்சு! அதற்குள் பிள்ளை "சார், கேட்கவில்லை" என்று சொல்லி முடித்துவிடும். சுழலாத எஸ்.எஸ்.டி. டிஸ்க் போட்டால் இந்தக் காத்திருப்பு இல்லை. கூடுமானால் ராமையும் கூட்டுங்கள். இரண்டுக்கும் காசில்லையா? வகுப்பு நேரத்தில் வேண்டாத பக்கங்களை மூடுங்கள். அப்டேட் ஓடுவதை இரவுக்கு மாற்றுங்கள். இதற்குக் காலணாச் செலவில்லை.

அடுத்தது படம். 1080 அளவுப் படத்தில் 20,73,600 புள்ளிகள். 360 அளவில் 2,30,400 புள்ளிகள். சரியாக ஒன்பதில் ஒரு பங்கு. உபாத்தியாயரின் மூக்குத்துவாரம் தெரிந்தா பிள்ளை கணக்குக் கற்கவேண்டும்? படத்தைக் குறைத்துக் குரலைக் காப்பாற்றுங்கள். தெளிவான பேச்சுக்கு விநாடிக்கு 30 கிலோபிட் அளவு போதும். படமோ அதைப்போல் பத்து இருபது மடங்கு தின்னும். இணைப்பை வைஃபையில் விடாமல், ரௌட்டரிலிருந்து ஒயரால் கொண்டுவாருங்கள். பக்கத்து வீட்டு ரௌட்டரும் மைக்ரோவேவ் அடுப்பும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும் தொல்லை ஒயருக்கில்லை. மடிக்கணினிக்கு பாட்டரி உண்டு, ரௌட்டருக்கு இல்லை என்பதையும் மறவாதீர்கள். கரண்டு போனால் முதலில் சாவது ரௌட்டர்தான். அதற்கு ஒரு சிறு பாட்டரிப் பெட்டி வையுங்கள்.

இவைகளை நாம் சொன்னதற்காகவே நம்பிவிடவேண்டாம். பரீட்சை செய்யுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உங்கள் கைப்போனையே ஒரு மாணவனாகச் சேர்த்து, அதை அடுத்த அறையில் வைத்து 40 நிமிஷம் பாடம் நடத்துங்கள். எத்தனை தடவை குரல் அறுந்தது என்று யாராவது நோட்டில் குறிக்கட்டும். குறைந்தால் அந்த மாற்றம் நிற்கட்டும். குறையாவிட்டால் அடுத்ததைப் பாருங்கள். ஐந்தாறு மாற்றங்களை ஒன்றாய்ச் செய்துவிட்டு எது பலித்ததென்று தெரியாமல் நிற்பது, நாலு கோவிலுக்கு வேண்டிக்கொண்டவன் எந்தச் சாமி கொடுத்ததென்று விழிப்பதைப் போன்றதே. அத்தனையும் செய்தும் ஒருநாள் நின்றுவிடலாம். அதற்காகப் பாடத்தின் தாளைப் படமெடுத்து முன்கூட்டியே பிள்ளைகளுக்கு அனுப்பிவையுங்கள். கம்ப்யூட்டர் நின்றால் போனில் பேசியே வகுப்பை முடிக்கலாம்.

"இதெல்லாம் ஒட்டுப்போடும் வேலை, சர்க்கார் அல்லவா புது யந்திரம் கொடுக்கவேண்டும்?" என்று தோழர்கள் கேட்கின்றார்கள். கேட்கவேண்டியதுதான், கேட்டுப் பெறுவது நம் உரிமை. 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதும் கல்வி எல்லார்க்கும் பொது என்ற கொள்கை நாட்டில் வேரூன்றியதனால்தான். ஆனால் மனுக்கொடுத்துப் பதில் வரும்வரையில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஆறாம் வகுப்பிலேயே காத்திருக்குமா? கோரிக்கையும் நடக்கட்டும், பாடமும் நடக்கட்டும். பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக இந்தப் பெட்டி போதுமென்று எவனாவது சொன்னால் அவனையும் நம்பாதீர்கள். பள்ளி எட்டாத நேரத்துக்கும் இடத்துக்கும் இது ஒரு துணை, அவ்வளவே.

"உனக்குப் படிப்பு வராது, அது உன் தலையெழுத்து" என்று நம் பாட்டன்மாரிடம் சொன்னார்கள். "இந்தப் பெட்டியில் பாடம் நடக்காது, அது அதன் ராசி" என்று இன்று நாம் சொன்னால் இரண்டுக்கும் பேதமென்ன? தலையெழுத்தும் இல்லை, ராசியும் இல்லை. உள்ளதெல்லாம் காரணங்கள். காரணத்தைக் கண்டவன் மாற்றுகின்றான், காணாதவன் கும்பிடுகின்றான். ஆகவே தோழர்களே, வீட்டுக்குப் போனவுடன் அந்தப் பெட்டியின் பொட்டைத் துடையுங்கள். துவாரத்துத் தூசியை ஊதுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் பக்கத்தில் வையுங்கள். நாளை மாலை வகுப்பு முழு 40 நிமிஷமும் நடக்கட்டும்.