ஏழு நாள் தண்ணீர்



எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கொசுவைப் பற்றிப் பேசப் போகிறேன். சிவில் படித்தவனுக்குக் கொசுவோடு என்ன வேலை என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. 2012 வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டட வேலை. நான் சைட் என்ஜினியர். கான்கிரீட் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம் அல்லவா? ஏழு நாள் போதும், கலப்புச் சிமெண்ட் என்றால் பத்து நாள். ஆர்வக் கோளாறில் நான் மூன்று வாரம் நிறுத்தி வைத்தேன். தளம் என்னவோ நன்றாகத்தான் இறுகியது. ஆனால் கீழே தகரக் கொட்டகையில் தங்கியிருந்தவர்களில் ஆறு பேருக்குக் குளிர்காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்தால் மலேரியா. சுகாதாரப் பணியாளர் ஒரு அம்மா மொட்டைமாடிக்கு ஏறி வந்து, பாத்தித் தண்ணீரைக் கரண்டியில் மொண்டு காட்டினார். "பாருங்க சார், தண்ணி மட்டத்தோட படுத்துக் கெடக்குதே, இதுதான் மலேரியாக் கொசுப் புழு. சாக்கடைக் கொசுன்னா தலைகீழாத் தொங்கும்."

அந்த ஆறு பேரில் ஒருவர் மேலூர்ப் பக்கத்துக் கொத்தனார். பதினான்கு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரையை நான்கே நாளில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டார். வைவாக்ஸ் என்ற அந்த வகைக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து திரும்ப வரும். நடவு சமயத்தில் மறுபடி படுத்துவிட்டார். பார்க்கப் போனேன். பெரியாறு வாய்க்கால் பக்கத்தில்தான் வீடு. கோபமே இல்லாமல் கேட்டார்: "தண்ணிய நிறுத்தச் சொன்னது நீங்கதானே தம்பி?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம் மதுரைச் சீமைக்குக் காய்ச்சல் புதிதல்ல. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், கோவை, திருநெல்வேலிப் பகுதிகளை ஒரு பெருங்காய்ச்சல் வாட்டியது. காரணம் கண்டறிய ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி என்ற மூன்று மருத்துவர்களைக் கம்பெனி அரசு நியமித்தது. ஈர நிலத்திலிருந்து எழும் கெட்ட ஆவிதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பிய காலம் அது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள்.

பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. பென்னிகுயிக் பெயர் தெரியாத வீடு நம் பக்கத்தில் இல்லை. அணை வேலையில் நோயால் மாண்டவர்கள் 483 பேர் என்பதை எத்தனை வீட்டில் சொல்வார்கள்? மலைக்காட்டில் மலேரியா பெருந்தொல்லை. கொசுவுக்குள் கிருமி இருப்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல்தான். ஆகவே அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தெரிந்த பிறகும் நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, புதிய கல்லணைக் கால்வாயில் பட்டுக்கோட்டைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குத் தண்ணீர் வந்தது. பின்னாலேயே மலேரியாவும் வந்தது. கசிகிற வாய்க்கால், மண் எடுத்த பள்ளம், வடிகால் இல்லாத வயல். எல்லாம் நம் தொழில் செய்த வேலை! ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல், ராமச்சந்திர ராவ், நைப் என்ற பொறியாளர் ஆகியோர் அங்கே தங்கி ஆராய்ந்தார்கள். அங்கே நோய் பரப்பும் கொசு, நீருக்கு மேல் பறந்தபடியே முட்டையிடுவது. புதிதாக நட்ட வயல் அதற்கு வசதி. பயிர் ஓரடி வளர்ந்துவிட்டால் அங்கே முட்டையிடுவதில்லை. நிழலா, இடைஞ்சலா காரணம் என்று பார்க்க, நாற்றுக்குப் பதில் கண்ணாடிக் குச்சிகளை நட்டுச் சோதித்தார்கள். கண்ணாடி ஏது நிழல் தரப் போகிறது? அப்போதும் கொசு ஒதுங்கியது. இந்தச் சோதனையைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவர்கள் முயன்று பார்த்த ஒரு வழி: வயலில் சில நாள் தண்ணீர் விட்டு, புழு கொசுவாகும் முன்னே வடித்துக் காயவிடுவது. 1942இல் அதை வெளியிட்டார்கள். அப்புறம் டி.டி.டி. வந்தது. 1953இல் நாடு தழுவிய தெளிப்புத் திட்டம் தொடங்கியது. வாய்க்கால் கணக்கை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் 1976இல் நாட்டில் 64 லட்சம் பேருக்கு மலேரியா.

அதே காய்ச்சலும் பாய்ச்சலும் முறையை, மூளைக்காய்ச்சல் கொசுவுக்காக 1990களில் நம் மதுரை வயல்களிலேயே ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐப்பசி மழையில் வயலை எப்படிக் காயவிடுவது என்ற சிக்கல் உண்டு. ஒருவர் வயலை மட்டும் காயவிட்டும் பயனில்லை. ஆயக்கட்டு முழுக்கச் சேர வேண்டும். மடையைத் திறக்கும் அதிகாரம் உள்ளவர்கள் இந்த அவையிலேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள்.

என் கணக்கு சின்னது. முட்டை கொசுவாக நம் வெயிலில் ஏழு முதல் பத்து நாள். ஐந்தாம் நாள் பாத்தியை உடைத்து வடித்துவிட்டு, சாக்கு விரித்து நனைக்கச் சொல்கிறேன். கான்கிரீட்டுக்கு ஈரம் இருந்தால் போதும், குளம் வேண்டாம். ஆள் கூலி கொஞ்சம் கூடுகிறது, ஒப்பந்தக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள்.

நம் புது விடுதித் தளத்திலும் பாத்தி கட்டியிருப்பதை வரும்போது பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாணவர்கள் என்னோடு ஏறி வாருங்கள். மெஸ்ஸில் ஒரு கரண்டி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.