சடுகுடுக் களம் யாருடையது?

(கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய சடுகுடு ஆட்டத்தின் பரிசளிப்பு நாளன்று நிகழ்த்திய பேச்சு)



இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் பலர் இங்கே நிற்கிறீர்கள். நடவு முடித்து, காலில் சேறு காயாமல் வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சுருக்கமாகவே பேசுவோம்.

இன்று நாம் கண்டது ஏழைகளின் ஆட்டம். மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், காலுக்குச் செருப்புகூட வேண்டாம். பக்கத்துக்கு ஏழு பேர், நடுவே ஒரு சுண்ணாம்புக் கோடு, நெஞ்சில் மூச்சு. இவ்வளவுதான் முதல். இந்த ஆட்டத்தை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள்? அதில் எது சரி, எது தவறு? இதைத்தான் இன்று பேச விரும்புகிறோம்.

முதலாவது, ஏளனப் பார்வை. இது பழைய சரக்கு. சென்னையில் 1846-ல் வெள்ளையர்கள் ஒரு கிரிக்கெட் கிளப் வைத்தார்கள். ஐரோப்பியர் அல்லாதவருக்கு அதில் இடமில்லை. துரைமார் ஆடினால் அது விளையாட்டு. குடியானவன் மூச்சடக்கிப் பாடிப் போனால் அது முரட்டுத்தனம்! துரை கப்பலேறிப் போய்விட்டான். அந்தப் பார்வை மட்டும் கப்பலேறவில்லை. சாலையில் காரில் போகிறவர் நம் பிள்ளைகளைப் பார்த்து, "வேலை வெட்டி இல்லாத பசங்கள்" என்கிறார். யாருக்கு வேலை இல்லை? ரோலிங் மில்லில் நெருப்புக்கு முன்னே நின்று வந்தவனுக்கா? பொழுது விடியும் முன்பே வயலில் இறங்கியவனுக்கா?

இரண்டாவது, சந்தைப் பார்வை. 2014-ல் தொலைக்காட்சிக்காகப் புரோ கபடி லீக் வந்தது. ஆட்டக்காரர்களை ஏலம் போட்டார்கள். 2018-ல் மோனு கோயத் என்ற வீரர் 1 கோடியே 51 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நாலு காசு வருவதை நாம் குறை சொல்லமாட்டோம். வரட்டும், இன்னும் பலருக்கு வரட்டும். ஆனால், கபடி அன்றுதான் பிறந்தது போல் சிலர் பேசுகிறார்களே, அதை ஒப்புக்கொள்ள முடியுமா? 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கின்போதே இந்த ஆட்டத்தை நம்மவர்கள் ஆடிக் காட்டினார்கள். 1990-ல் பீஜிங் ஆசியப் போட்டியில் இது சேர்க்கப்பட்டது. அன்று முதல் 2014 வரை ஏழு முறையும் ஆண்கள் தங்கம் நம் நாட்டுக்கே வந்தது. அந்த வீரர்களை வளர்த்தவை விளக்கு மினுக்கும் அரங்கங்களா? இல்லை. நெல் அடித்த களமும், ஏரிக்கரைத் திடலும்தான்.

தொலைதூர நாடு ஒன்றின் கதை இங்கே நமக்கு உதவும். அயர்லாந்தும் நம்மைப் போல ஆங்கிலேயனிடம் அடிமைப்பட்ட நாடு. அவர்களுக்கு ஹர்லிங் என்று ஒரு பழைய ஆட்டம் உண்டு. கோலால் பந்தை அடித்து ஆடுவது. கேலிக் கால்பந்து என்று இன்னொன்றும் உண்டு. 1884-ல் தர்ல்ஸ் என்ற சிற்றூரில் மைக்கேல் குசாக் முதலியவர்கள் கூடி, இந்த ஆட்டங்களைக் காக்க ஒரு சங்கம் கண்டார்கள். ஊருக்கு ஊர் கிளை வைத்தார்கள். 1920 நவம்பர் 21-ம் தேதி டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் மைதானத்தில், ஆட்டம் நடக்கும்போதே பிரிட்டிஷ் படையினர் புகுந்து சுட்டார்கள். 14 பேர் மாண்டார்கள். மைக்கேல் ஹோகன் என்ற ஆட்டக்காரரும் அவர்களில் ஒருவர். இன்று அதே மைதானத்தில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். ஒரு பக்கத்து இருக்கை வரிசைக்கு ஹோகன் பெயர்தான். அங்கே ஆடுகிறவர்களுக்கு இன்றும் சம்பளம் கிடையாது. தச்சரும் ஆசிரியரும் விவசாயியும் வேலை முடிந்து வந்து தங்கள் ஊருக்காக ஆடுகிறார்கள். வெளியிலிருந்து போகிறவர், "காசு வாங்காமல் இப்படி முட்டி மோதுவானேன்?" என்று வியக்கிறார். ஊர்க்காரனுக்கு அந்த வியப்பு இல்லை. அந்தத் திடலில்தான் ஊர் கூடுகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

நமக்கும் அப்படித்தான். ஆனால் தோழர்களே, வெளியாரைக் குறை சொல்லிவிட்டு நம் முதுகைப் பார்க்காமல் போகலாமா?

சடுகுடு தொட்டு ஆடும் ஆட்டம். தொட்டால்தான் புள்ளி, கட்டிப் பிடித்தால்தான் வெற்றி. தீண்டாமை நிலவிய நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனாலும் நாம் என்ன செய்தோம்? தெருவுக்கு ஒரு டீம், சாதிக்கு ஒரு டீம் என்று பிரித்தோம். களத்தில் தொட்டவனைத் தேநீர்க் கடையில் தள்ளி நிறுத்தினோம். தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கணேசன் 1994-ல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025-ல் 'பைசன்' என்ற படம் வந்தது. சாதிப் பகைக்கு நடுவே ஒரு கிராமத்துப் பையன் களத்துக்கு வந்து சேர என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை அதில் பார்த்தோம்.

அதே 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். கண்ணகி நகர் எது? சென்னையின் ஆற்றங்கரை, கால்வாய்க்கரைகளிலிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். அந்தப் பெயரைச் சொன்னால் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஒரு பெண்பிள்ளை மூச்சைப் பிடித்துப் பாடி, அந்தச் சுளிப்பை மாற்றினாள்.

இப்போது நம் வட்டாரத்துக்கு வருவோம். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நம்மோடு சிப்காட் ஆலைகளில் வேலை செய்கிறார்கள். "வடக்கத்தியான்" என்று ஒற்றைச் சொல்லில் நாம் அவர்களை ஒதுக்குகிறோம். கார்க்காரர் நம்மைப் பார்த்த அதே பார்வையை நாம் அவர்கள் மீது திருப்புகிறோம்! சென்ற மாதம் அப்படி ஒரு பையன் ஒரு வாரமாகத் திடலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள், "வாடா தம்பி" என்று உள்ளே கூப்பிட்டோம். நம் பையன் "சடுகுடு சடுகுடு" என்று பாடிப் போக, அவன் "கபடி கபடி" என்று பாடி வந்தான். நம் பக்கத்தில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கூட்டம் சிரித்துக் கை தட்டியது. வங்காளத்தில் இதையே 'ஹாடுடு' என்பார்கள். ஆந்திர எல்லைக்கு அப்பால் 'செடுகுடு'. பாட்டு வேறு, மூச்சு ஒன்றுதான். இன்று பரிசு வாங்கிய அணியில் அந்தப் பையனும் நிற்கிறான், பாருங்கள்!

கடைசியாக ஒன்று. களம் இருந்தால்தான் ஆட்டம். ஊர்ப் பொதுவில் இருந்த மந்தைவெளியும் களத்துப் புறம்போக்கும் கண்ணெதிரே சுருங்கி வருகின்றன. ஒரு பக்கம் குடோன், ஒரு பக்கம் லாரி நிற்கும் இடம். நாம் வாய்மூடி இருந்தால், அடுத்த ஆண்டு இந்தச் சுண்ணாம்புக் கோட்டை எங்கே போடுவது?

மே 1 அன்று ஊராட்சிதோறும் கிராம சபை கூடும். அது தொழிலாளர் தினம், நமக்கு விடுமுறை. எல்லோரும் போவோம். பெண்கள் முன்னால் உட்காருவோம். இந்தத் திடலை அளந்து, விளையாட்டுத் திடலாகக் கணக்கில் எழுத வேண்டும் என்று தீர்மானம் கொடுப்போம். நம் பெண்பிள்ளைகளுக்கும் இங்கே மாலையில் நேரம் ஒதுக்குவோம். அடுத்த ஆட்டத்தில் தெரு டீம், சாதி டீம் வேண்டாம். கலந்து பிரித்து ஆடுவோம்.

வெளியார் நம்மை எப்படிப் பார்த்தாலும் பார்க்கட்டும். நாம் ஒருவரையொருவர் நேராகப் பார்ப்போம்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வெற்றி பெற்றவர்களுக்கும், தோற்றாலும் கடைசி மூச்சுவரை பாடியவர்களுக்கும் நம் வாழ்த்துக்கள்!