ரகசியம் காப்பதும் உயிர் காப்பதும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரை படித்த குடும்பப் பெண். மனநல ஆலோசனையில் ரகசியம் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இது டாக்டருங்க பேச வேண்டியதாச்சேன்னு நினைக்காதீங்க. நம்ம குழுவில் தினமும் நடக்கிற விஷயம்தான் இது.

கூட்டம் முடிஞ்சு நோட்டை மூடின பிறகுதான் பல பேர் மனசு விட்டுப் பேசுறாங்க. கம்பெனியிலிருந்து வந்த ஷூ அப்பரை வாசல்ல உட்கார்ந்து தைக்கும்போது சொல்றாங்க. புருஷன் குடி, வட்டிக் கடன், ராத்திரி தூக்கம் வரல, வாழவே பிடிக்கல என்று சொல்றாங்க. அவங்க டாக்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே நம்மகிட்டதான் சொல்றாங்க. கேட்டதை நாம என்ன செய்யணும் என்பதுதான் கேள்வி.

இரண்டு சம்பவம் சொல்றேன். சம்பந்தப்பட்டவங்களைக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். எந்த ஊர், எந்தக் குழுன்னு தேடாதீங்க.

ஒரு பெண் மனசு சரியில்லாமல் மாத்திரை சாப்பிட்டு வந்தாங்க. நம்பி ஒருத்தரிடம் சொன்னாங்க. ஒரே வாரத்தில் தண்ணிக் குழாயடியில் அது பேச்சாகிவிட்டது. அவங்க குழுவுக்கு வர்றதை நிறுத்தினாங்க. யாராவது பார்த்துடுவாங்கன்னு பயந்து ஆஸ்பத்திரிக்குப் போறதையும் நிறுத்தினாங்க. மானம் மட்டும் போகல, வைத்தியமும் நின்னு போச்சு.

இதுக்காகத்தான் சட்டமே இருக்கு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் அமலில் இருக்கு. அதில் 23வது பிரிவு, மனநல சிகிச்சை பெறுகிறவர் சொன்னதை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. கூடவே விதிவிலக்கும் சொல்கிறது. ஒருத்தர் உயிருக்கு ஆபத்து என்றால், அல்லது அவரால் வேறொருத்தருக்குத் தீங்கு வரும் என்றால், சிகிச்சை தருகிறவர் சொல்லலாம். வேறொருத்தரைத் தீங்கிலிருந்து காப்பாற்றச் சொல்லும்போதும், அதுக்குத் தேவையானதை மட்டும்தான் சொல்லணும். நாம டாக்டர் இல்லை. ஆனாலும் அந்த அளவு நமக்கும் பொருந்தும்.

இதில் எவ்வளவு சிக்கல் இருக்குன்னு ஒரு வழக்கு காட்டுது. நாகாலாந்து டாக்டர் ஒருத்தர், நோயாளி ஒருத்தரோடு சென்னைக்கு வந்து ரத்தம் கொடுத்தார். பரிசோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. விஷயம் வெளியே போனது. 1995 டிசம்பரில் நடக்க இருந்த கல்யாணம் நின்றது. சொந்த ஜனங்களே ஒதுக்கினதால் ஊரை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார். நஷ்டஈடு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1998ல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வரவில்லை. ரகசியம் காக்கிறது கடமைதான், ஆனால் கட்டிக்கப் போகிற பெண்ணின் உயிரும் முக்கியம் என்றது கோர்ட்.

சரிதானே என்று நமக்குத் தோணும். அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியதுதான். ஆனால் ஊருக்கே ஏன் தெரியணும்? சொல்ல வேண்டிய ஒருத்தருக்குச் சொல்வது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு.

பிறகு வந்த 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் இதைப் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறது. நீங்களே துணையிடம் சொல்லுங்கள் என்று முதலில் அவருக்கு ஆலோசனை தரணும். அவர் சொல்லவே மாட்டார் என்று உறுதியானால், நாங்கள் சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரிவிக்கணும். அதன் பிறகுதான் துணையிடம் நேரில் சொல்லலாம். எச்.ஐ.வி. இருப்பவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அவருக்கு அடி உதை விழும், வீட்டை விட்டு விரட்டுவார்கள் என்ற பயம் இருந்தால் சொல்லக் கூடாது.

இனி இரண்டாவது சம்பவம். ஒரு தங்கச்சி ஊக்குநரிடம், "நான் போய்ட்டா எல்லாம் முடிஞ்சுடும், பிள்ளைங்களைப் பாத்துக்குங்க அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். அந்த அக்கா சொன்னது இதுதான்: "உன் கடன் விஷயம் யாருக்கும் போகாது. ஆனா உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேன். உன் கூட இருக்க யாரைக் கூப்பிடட்டும், நீயே சொல்லு." அவள் தன் சின்னம்மா பேரைச் சொன்னாள். சின்னம்மா வந்தாங்க. மூணு பேரும் சேர்ந்து 14416க்குப் போன் செய்தாங்க. அது மத்திய அரசின் டெலிமானஸ் இலவச எண், தமிழிலேயே பேசலாம். மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாங்க. இன்னைக்கு அந்தத் தங்கச்சி நல்லா இருக்கா. குழுவில் மற்றவங்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

போலீஸ் கேஸ் ஆகிடும் என்று பயந்து மறைக்கிறவங்களும் உண்டு. அந்தச் சட்டத்தின் 115வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளணும், தண்டிக்கக் கூடாது என்கிறது. வீட்டாருக்குத் தெரியறதும் தெருவுக்குத் தெரியறதும் ஒண்ணில்ல. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருத்தர் தங்கிப் பார்த்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். நம்பிக்கையான ஒருத்தர் கூட இருந்தால் அதுவே பாதி பலம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரகசியத்துக்கு இடமே இல்லை. பதினெட்டு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகணும். சொல்லாம விட்டா அதுவே குற்றம். "பெரியவங்களை வச்சுப் பேசி முடிச்சுக்கலாம்" என்பது கூடாது. 1098க்குப் போன் பண்ணுங்க. அப்பவும் அந்தப் பிள்ளையோட பேரு வெளியே போகக் கூடாது.

கடைசியா, நம்ம குழுவுக்குச் சில வழக்கங்கள் வேணும்.

ஒருத்தி பேச வரும்போது, கேட்கிறதுக்கு முன்னாடியே "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க. "உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உன்கிட்ட சொல்லிட்டு உதவிக்குக் கூப்பிடுவேன்" என்று சொல்லுங்க. அப்பதான் பின்னாடி அவளை ஏமாத்தின மாதிரி ஆகாது.

அடிக்கிற புருஷன்கிட்டயே போய் நியாயம் கேட்கிறேன்னு அவ சொன்னதைச் சொல்லாதீங்க. அன்னைக்கு ராத்திரி அடி வாங்கப் போறது அவதான். 181 பெண்கள் உதவி எண்ணை அவகிட்ட கொடுங்க.

தீர்மான நோட்டில் கடனுக்குக் காரணம் "மருத்துவச் செலவு" என்று எழுதினால் போதும். என்ன நோய்னு எழுத வேண்டாம். வாட்ஸப் குரூப்பில் யார் பேரையும் போட்டு "இவங்களுக்காக வேண்டிக்குங்க"ன்னு போட வேண்டாம். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாடியும் "இப்ப எப்படி இருக்கே?"ன்னு கேட்க வேண்டாம், தனியா கேளுங்க.

நம்ம குழுக்களில் சேமிப்புப் பணத்துக்குக் கணக்கு இருக்கு, தணிக்கை இருக்கு. ஒருத்தி நம்பிச் சொன்ன வார்த்தைக்கு அப்படி ஒரு தணிக்கையும் கிடையாது, நம்ம மனசாட்சிதான். வருகிற மாதக் கூட்டத்திலேயே ஒவ்வொரு குழுவும் இதைப் பேசி ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.