மேசைமேல் ஒரு பட்டாளம்



பொம்மைச் சிப்பாய் என்றதும் சிறுவர்களின் விளையாட்டுப் பெட்டிதான் நம் நினைவுக்கு வரும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதும் பொம்மைச் சிப்பாய்களைப் பற்றித்தான். ஆனால் இவற்றை வாங்கி, வர்ணம் தீட்டி, மேசைமேல் அணிவகுத்து நிறுத்துவோரில் தலை நரைத்தவர்களும் உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, அளவுகோலால் தூரத்தை அளந்து படையை நகர்த்தி, பகடை உருட்டித் துப்பாக்கிச் சூட்டின் பலனைக் கணக்கிட்டு ஆடும் போர் விளையாட்டு இது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் வகுத்த ஒரு போர் விளையாட்டு, 1824இல் அந்நாட்டு இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்குள் நுழைந்தது. பொம்மைகளை வைத்து வீட்டில் ஆடும் முறையைப் பற்றி ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் ஒரு நூலே வெளியிட்டார். அவர் ஆடியது தரையில். பின்னால் வந்தவர்கள், முதுகு வலிக்கு அஞ்சியோ என்னவோ, மேசைக்கு ஏறிவிட்டார்கள்.

எந்தக் காலத்துப் போரையும் இப்படி ஆடலாம். ஆயினும் தூரிகை பிடிப்பவர்களின் உள்ளத்தைக் கவர்ந்தது 1803 முதல் 1815 வரை நடந்த நெப்போலியன் காலத்துப் போர்களே. அன்றைய வெடிமருந்து அடர்ந்த வெண்புகையைக் கக்கியது. புகைக்குள்ளே நிற்பவன் நம்மவனா, மாற்றானா என்பதைத் தளபதி கண்டுகொள்ள வேண்டும். ஆகவே பெரும்பாலான படைகள் ஒளிந்துகொள்ள உதவும் நிறத்தைத் தேடவில்லை. கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும் நிறத்தையே உடுத்தின.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1808ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து ஆணைப்படி ஒரு பிரெஞ்சு பட்டாளியனில் ஆறு கம்பெனிகள். கம்பெனிக்கு 140 பேர். ஆக 840 பேர். (பட்டாளியன் என்ற அந்தச் சொல்தான் நம் வாயில் பட்டாளம் ஆயிற்று.) போர் தொடங்கிச் சில மாதங்களில் எந்தப் பட்டாளியனும் முழு எண்ணிக்கையில் இருந்ததில்லை. அதனால் ஒரு பொம்மைக்கு இருபது பேர் என்று வைத்துக்கொண்டு, கம்பெனிக்கு ஆறாக முப்பத்தாறு பொம்மைகள் செய்தால் 720 பேர் நிற்கும் பட்டாளம் கிடைக்கும். ஒவ்வொரு பொம்மையும் ஓர் அங்குலத்தைவிடச் சற்றே உயரம். இந்த முப்பத்தாறும் ஒரே ஒரு பட்டாளம்தான். ஒரு படைக்கு இப்படிப் பத்து, பதினைந்து பட்டாளங்கள் வேண்டும். பலருடைய ஆர்வம் இந்த இடத்தில்தான் வற்றிப்போகிறது. முதற் சிப்பாயின் பொத்தான்களுக்கே ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டவர், மீதி முப்பத்தைந்தையும் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்.

இதற்கு மருந்து, சிப்பாயை மறந்து பட்டாளத்தைத் தீட்டுவதுதான். பொம்மைகளின் ஓரங்களில் துருத்தி நிற்கும் பிசிறுகளை அரத்தால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். பழைய பொம்மைகளில் ஈயம் கலந்திருக்கும். தேய்த்த தூள் கையோடு வாய்க்குப் போகாதபடி கழுவிக்கொள்ள வேண்டும். பிறகு ஐஸ்கிரீம் குச்சியில் நான்கைந்தாக ஒட்டி, சாம்பல் நிற அடிப்பூச்சு கொடுக்கலாம். நம் நாட்டில் மழை பெய்துகொண்டிருக்கும்போது வர்ணத்தையோ வார்னிஷையோ தெளிப்பானால் அடிக்காதிருப்பது நல்லது. காற்றின் ஈரம் பட்டு வார்னிஷ் வெளுத்துப்போனால், பல நாள் உழைப்பின்மேல் பனி மூடியது போலாகிவிடும்.

அடுத்து, பன்னிரண்டு பொம்மைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒரே நிறத்தை முதலாவதிலிருந்து கடைசி வரை பூசிச் செல்வது. பன்னிரண்டாவதை முடிக்கும்போது முதலாவது உலர்ந்திருக்கும். உடலை ஒட்டிய உடுப்பை முதலிலும், அதன்மேல் வரும் வார்களையும் பைகளையும் பின்னரும் தீட்டினால் கைபட்டுக் கெடுவது குறையும். வெள்ளை வார்களை நேரே வெள்ளையால் தீட்டக் கூடாது. முதலில் சாம்பல் பூசி, விளிம்பை விட்டு நடுவில் மட்டும் வெள்ளை வைத்தால் வார் துணியிலிருந்து எழுந்து நிற்கும். கண்களைத் தீட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதே நம் கருத்து. இந்த அளவில் விழி வரைந்தால் பட்டாளம் முழுவதும் பேயைக் கண்டது போல் விழிக்கும். புருவத்தடியில் சிறு நிழல் போதும்.

நிறத்துக்கு வருவோம். பிரெஞ்சுக் காலாட்படையின் நீலம் மிக ஆழ்ந்த நீலம். துணியின் நிறத்தை அப்படியே கலந்து பொம்மையில் பூசினால், கை நீட்டும் தூரத்தில் அது கறுப்பாகவே தெரியும். சிறிய உருவத்துக்கு நிறத்தைச் சற்று வெளுக்க வேண்டும். அந்த நீலத்தின் பின்னால் ஒரு வாணிகச் சிக்கலும் இருந்தது. அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயம் பிரான்சுக்குக் கடல் கடந்து வர வேண்டிய சரக்கு. கடலோ பிரிட்டிஷ் கப்பல்களின் பிடியில். எனவே 1806இல் காலாட்படைக்கு வெள்ளை உடுப்பு என்று ஆணை பிறந்தது. சில ரெஜிமெண்டுகள் அணியவும் செய்தன. மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. ஆகவே 1807இல் வெள்ளை உடுத்திய பிரெஞ்சுப் பட்டாளம் ஒன்றை மேசையில் கண்டால், தீட்டியவர் தவறிவிட்டார் என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்.

பிரிட்டிஷார் சிவப்பு. சாதாரணச் சிப்பாயின் துணிக்கு மஞ்சிட்டி வேர்ச் சாயம்; அதிகாரியின் துணிக்குக் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த விலை மிகுந்த சாயம். அதனால் சிப்பாய்க்குச் செங்கல் சாயலும், அதிகாரிக்கு ஒளிரும் சிவப்பும் வைப்பதே சரி. ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்டு முதன்மையான வேறுபாடு கழுத்துப்பட்டையிலும் மணிக்கட்டு மடிப்பிலும்தான். வாட்டர்லூவில் ஹால்கெட் என்பவரின் கீழ் நான்கு ரெஜிமெண்டுகளின் பட்டாளங்கள் சேர்ந்து நின்றன: 30ஆவது வெளிர்மஞ்சள், 33ஆவது சிவப்பு, 69ஆவது பச்சை, 73ஆவது கரும்பச்சை. எள்ளளவு இடத்தில் வைக்கும் இந்தப் புள்ளி பிசகினால், மேசைமேல் நிற்பது வேறொரு பட்டாளம் ஆகிவிடும். நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் பொத்தான் அல்ல, கழுத்துப்பட்டை.

அந்த 69ஆவது ரெஜிமெண்டின் பச்சை நமக்கு அந்நியமானதன்று. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது அங்கே காவலிருந்தவர்கள் இந்த ரெஜிமெண்டின் முதற் பட்டாளத்தார். அக்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று சீருடையேதான்: புதிய வகைத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாதென்ற தடை, தாடி மழிக்க ஆணை. ஓர் அதிகாரியின் மேசையில் எழுதப்பட்ட உடுப்பு விதிக்காக இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். அதே பட்டாளம் 1811இல் ஜாவாவின் மேல் படையெடுத்துச் சென்ற சேனையிலும் இருந்தது. அந்தச் சேனையின் கப்பல்கள் கூடிய இடம் நம் மலாக்கா. ஜாவா அப்போது நெப்போலியனின் ஆட்சியைச் சார்ந்திருந்ததால் அதுவும் நெப்போலியன் காலப் போரே. ஐரோப்பாவில் இருந்தது இதன் இரண்டாம் பட்டாளம். 1815 ஜூன் 16ஆம் நாள் கத்ர் பிராவில் பிரெஞ்சுக் கவசக் குதிரைப்படை அதன்மேல் பாய்ந்து, அதன் கொடிகளில் ஒன்றைப் பறித்துச் சென்றது.

பிரிட்டிஷ் பட்டாளத்துக்குக் கொடிகள் இரண்டு: மன்னர் கொடி ஒன்று, ரெஜிமெண்டுக் கொடி ஒன்று. ஒவ்வொன்றும் ஆறடி உயரமுள்ள பெரிய பட்டுத் துணி. வாட்டர்லூவுக்காக 69ஆவதைத் தீட்டுபவர் பலர் அழகுக்காக இரண்டையும் வைத்துவிடுகிறார்கள். ஒன்று போதும் என்போம் நாம். வெறுமையாக இருக்கும் அந்த இடமும் பட்டாளத்தின் சீருடையில் ஒரு பகுதியே.

வாட்டர்லூ போருக்கு முன்னிரவு முழுவதும் மழை. விதிநூல் படங்களில் காணும் தூய வெள்ளைக் காற்சட்டையை அன்று காலையில் ஒருவனும் அணிந்திருக்க முடியாது. முழங்கால் வரை சேறு, தொப்பிக்கு மேல் எண்ணெய்த்துணி உறை, சாயம் மங்கிய சிவப்பு. நீர்த்த பழுப்பு வர்ணத்தைக் காலில் ஓடவிட்டால் அது மடிப்புகளில் தங்கிச் சேறாகிவிடும். இப்படிச் செய்ய மனம் வராது என்பது உண்மைதான். நாள்கணக்கில் தீட்டியதன்மேல் அழுக்கைப் பூசுவதற்குத் துணிவு வேண்டும்.

இறுதியாக, அடித்தட்டில் ஒட்டும் முறை. ஆறாறாக ஒட்டினால் நகர்த்த எளிது. ஆனால் சிலவற்றைத் தனித்தனியே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆட்டத்தில் இருபது பேர் விழுந்தால் ஒரு பொம்மையை எடுத்துவிடுவது வழக்கம். 27ஆவது இன்னிஸ்கில்லிங் ரெஜிமெண்டின் பட்டாளம் ஒன்று வாட்டர்லூவில் குறுக்குச்சாலை அருகே சதுர வியூகத்தில் நின்றது. எழுநூறு பேர் அளவில் இருந்த அதில் 450க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ விழுந்தனர். முப்பத்தாறு பொம்மைகளில் இருபத்திரண்டை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மீதிப் பதினான்கை நான்கு பக்கமும் பார்க்க நிறுத்திப் பார்க்கலாம். அவர்கள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.