காட்டிலே நிற்பவன்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயத்தைத் தலைவர் அவர்கள் அறிவித்தபோது முன்வரிசையிலுள்ள பெரியவர்கள் சிலர் புன்முறுவல் செய்ததைக் கண்டோம். கைத்தொலைபேசியில் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டைப் பற்றி மேடையேறிப் பேசவும் வேண்டுமோ என்பது அப்புன்முறுவலின் பொருளாயிருக்கலாம். அவர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். இரவு பத்து மணிக்கு அறைக்குள்ளே இருந்து, "லோர்ட்டை விடாதே, லோர்ட்டை விடாதே" என்று தனியே கூவுகின்றானே உங்கள் மகன், அவன் எதன்பொருட்டு அவ்வாறு தவிக்கின்றான் என்பதையாவது இன்று அறிந்துகொண்டு போகலாமன்றோ? இளைஞர்களுக்கோ, அவ்விளையாட்டிலே மிகக் கடினமான பணியொன்றை நாம் முதலில் பிழையாகச் செய்து, பின்பு ஒருவாறு கற்றுக்கொண்ட வரலாற்றைச் சொல்ல விரும்புகின்றோம்.

விளையாட்டின் பெயர் 'மொபைல் லெஜண்ட்ஸ்: பேங் பேங்'. சீன தேசத்துச் சாங்காய் நகரில் உள்ள மூன்டன் என்னும் நிறுவனத்தார் 2016ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். இதன் மூதாதை, 2003ஆம் ஆண்டளவில் 'வார்கிராப்ட்' என்ற கணினி விளையாட்டினுள் ஆர்வலர்கள் அமைத்த 'டோட்டா' என்னும் போர்க்களமாகும். 2019ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டு விழாவிலே, ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் பதக்கம் கொடுத்ததுபோல இதற்கும் பதக்கம் கொடுத்தார்கள். இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவை வென்று பிலிப்பைன்ஸ் அணியினர் தங்கம் பெற்றனர். ஆகவே, இது வீணர் பொழுதுபோக்கு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடத் தக்கதன்று.

களத்தின் அமைப்பைச் சிறிது கூறுவோம். சதுரமான நிலம் ஒன்று. எதிரெதிர் மூலைகளில் இரண்டு அணிகளின் தளங்கள். ஒரு தளத்திலிருந்து மற்றத் தளத்துக்கு மூன்று பாதைகள் செல்கின்றன. இவற்றை 'லேன்' என்பார்கள். பாதைதோறும் காவற் கோபுரங்கள் நிற்கின்றன. 'மினியன்' எனப்படும் சிறு படைவீரர்கள் அலையலையாய் நடக்கின்றார்கள். கோபுரங்களை உடைத்துச் சென்று எதிரியின் தளத்தை யார் முதலில் தகர்க்கின்றார்களோ அவர்களுக்கே வெற்றி. ஓரணியில் ஐவர். பக்கத்துப் பாதைகள் இரண்டிலும் ஒவ்வொருவர், நடுப்பாதையில் ஒருவர், எங்கும் உலாவித் துணைநிற்கும் 'ரோமர்' ஒருவர் ஆக நால்வர். ஐந்தாமவனுக்குப் பாதை கிடையாது. மூன்று பாதைகளுக்கும் இடையிலே கிடக்கும் காடே அவனுக்குரிய இடம். அங்குள்ள விலங்குகளைக் கொன்று பொன்னும் அனுபவமும் சேர்ப்பது அவன் தொழில். அவனைத்தான் 'ஜங்கிளர்' என்று அழைக்கின்றார்கள்.

'ஜங்கிள்' என்ற சொல்லே எமக்கு அந்நியமானதன்று. வடமொழியில் 'ஜங்கல' என்பது நீர்வளம் குன்றிய வறண்ட நிலத்தைக் குறித்தது. அது இந்தியில் காடு என்ற பொருளைப் பெற்று, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், இப்போது சீன தேசத்து விளையாட்டின் வாயிலாக எமது பிள்ளைகளின் நாவில் வந்து குடியேறியிருக்கின்றது. சொல்லுக்குக்கூட எத்தனை பெரிய பிரயாணம் பாருங்கள்!

இனி, அக்காட்டிலே நன்றாக நிற்பது எப்படி என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, ஜங்கிளர் காலத்தை எண்ணத் தெரிந்தவனாயிருக்க வேண்டும். நாம் விளையாடிவரும் பதிப்பிலே, ஆட்டம் தொடங்கி 2 நிமிடம் ஆகும்போது 'டேர்ட்டில்' எனப்படும் ஆமை தோன்றுகின்றது. அதனைக் கொல்லும் அணியினர் ஐவருக்கும் பொன்னும் அனுபவமும் கிடைக்கின்றன. 8ஆம் நிமிடத்தில் 'லோர்ட்' என்னும் பெருவிலங்கு வருகின்றது. அதை வீழ்த்தியவர் பக்கம் அது சேர்ந்து, எதிரியின் கோபுரங்களை இடித்துக்கொண்டு முன்னே நடக்கின்றது. வீரனுடைய பெருந்திறமை திறப்பதோ 4ஆம் நிலையை அடைந்த பின்புதான். ஆகவே, காட்டிலுள்ள விலங்குகளை ஒழுங்காக ஒரு சுற்று முடித்து, 4ஆம் நிலையை எய்தி, ஆமை எழும்புமுன்பே அதன் அருகிலே போய் நிற்க வேண்டும். ஆமை வந்துவிட்டது என்று கண்டபின் ஓடத் தொடங்குபவன் அநேகமாகப் பிந்தியே போய்ச் சேருகின்றான். சுற்றை எந்தப் பக்கத்தில் தொடங்கினாலும், அடுத்த அலுவல் எங்கே இருக்கின்றதோ அந்தப் பக்கத்திலே முடிப்பதுதான் முறை.

இரண்டாவது, பிறர் சோற்றிலே கை வைக்கலாகாது. பாதையில் வரும் மினியன்கள் பாதையில் நிற்பவனுக்குரிய ஊண். ஜங்கிளர் போகிற போக்கிலே அதனையும் அள்ளிக்கொண்டால் அங்கு நிற்கும் தோழன் மெலிந்துபோவான். விளையாட்டை அமைத்தவர்களே இதை உணர்ந்து, தொடக்க நிமிடங்களில் ஜங்கிளர் மினியனைக் கொன்றால் அவனுக்குக் குறைந்த பலனே கிடைக்கும்படி விதி செய்திருக்கின்றார்கள். தன் காட்டிலுள்ள ஊதா நிற 'பஃப்' விலங்கு திறமைகளின் செலவையும் காத்திருக்கும் நேரத்தையும் குறைக்கின்றது. செம்மஞ்சள் நிற விலங்கு அடியின் வலுவைக் கூட்டுகின்றது. ஆட்டம் முதிர்ந்தபின், தனக்கு அவ்வளவு தேவையில்லாத வேளையில் ஊதாவை நடுப்பாதைத் தோழனுக்கு விட்டுக்கொடுக்கும் ஜங்கிளரை எவரும் மறப்பதில்லை.

மூன்றாவது, எதிரியின் ஜங்கிளரை மனத்தாலே பின்தொடர வேண்டும். அவன் மேற்பாதையிலே தலை காட்டினானா? அப்படியானால் கீழ்ப்பக்கத்து அவன் காடு காவலற்றுக் கிடக்கின்றது. உடனே அங்கே புகலாம். அல்லது அப்பக்கத்துக் கோபுரத்தை அடிக்கலாம். தூரத்திலே ஒரு தோழன் மூவரிடம் அகப்பட்டுவிட்டான். ஓடினாலும் எட்ட முடியாது. அப்போது வீணே ஓடி நாமும் மாளாமல், மறுபக்கத்தில் ஈடான ஒன்றை எடுத்துவிட வேண்டும். கல்நெஞ்சம் என்று இதனை எண்ணலாகாது. அவன் பட்ட பாட்டுக்கு அணிக்கு ஏதேனும் மிஞ்சவேண்டுமென்ற கருத்தே இதிலுள்ளது.

நான்காவது, 'ரிட்ரிபியூஷன்' என்னும் மந்திரம். காட்டு விலங்கின்மேல் இதை ஏவினால் கணத்தில் பெருங்காயம் உண்டாகும். ஒருமுறை ஏவினால் மறுபடி ஏவச் சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். வீரனின் நிலை உயர உயர இதன் வலுவும் உயரும். எதிரியின் ஜங்கிளர் கையிலும் இதே மந்திரம் இருக்கின்றது. நாலு பேர் பாடுபட்டு லோர்ட்டைக் குற்றுயிராக்கி வைத்திருக்க, கடைசி நொடியில் எதிரி ஒருவன் குதித்து இம்மந்திரத்தால் அதைப் பறித்துக்கொண்டு போவது நாள்தோறும் நடக்கும் காரியம். ஆதலால் எதிரியின் ஜங்கிளர் எங்கே என்று தெரியாதவரையில் லோர்ட்டின் உயிரைக் குறைத்து வைப்பது ஆபத்து. முதலில் அவனைத் துரத்த வேண்டும். பின்பு விலங்கைத் தொட வேண்டும்.

இவையெல்லாம் எமக்கு நன்றாகத் தெரிந்திருந்தன. தெரிந்திருந்தும் நாம் செய்ததைக் கேளுங்கள்.

நாம் ஐவர் சேர்ந்து ஒரு சிறு போட்டிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். ஜங்கிளர் நாம். ரோமராக நின்றவன் எம் ஐவரிலும் வயதிற் சிறியவன், அதிகம் கதைக்காதவன். அன்றைய ஆட்டத்திலே நாம் மதில்மேல் தாவும் 'லிங்' என்னும் வீரனை எடுத்து 11 பேரை வீழ்த்தியிருந்தோம். வெற்றி கையெட்டும் தூரத்தில் என்று நினைத்தோம். 14ஆம் நிமிடமளவில், லோர்ட் பாதி உயிருடன் நிற்க, எதிரி ஒருவன் குற்றுயிராய்த் தப்பியோடினான். பன்னிரண்டாவது கொலை எம்மை அழைத்தது. அவனைத் துரத்திக்கொண்டு எதிரியின் காட்டுக்குள்ளே வெகுதூரம் போய்விட்டோம். திரும்பிப் பார்த்தபோது ரோமர் மாண்டு கிடந்தான்; லோர்ட் எதிரியின் வசமாயிருந்தது. ஒரு நிமிடத்தில் எமது தளம் தகர்ந்தது.

நாம் உடனே அந்தப் பிள்ளையின்மேல் பாய்ந்தோம். "லோர்ட்டடியில நிண்டனி, ஏன் காக்கேல்லை?" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

எம்மில் ஒருவர் அந்த ஆட்டத்தைத் தம் கைத்தொலைபேசியிலே பதிவுசெய்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் அதைப் போட்டுப் பார்த்தோம். அந்தப் பிள்ளை தன்னந்தனியாய் இருவரை மறித்து நின்றிருக்கின்றான். துணை வேண்டுமென்று மூன்று முறை குறி காட்டியிருக்கின்றான். நாம் ஒருமுறையேனும் களப்படத்தைப் பார்க்கவில்லை. ரிட்ரிபியூஷன் மந்திரமோ எமது கையிலே ஆயத்தமாக இருந்தது. அதனை ஏவ வேண்டிய இடத்தில் நாம் இருக்கவில்லை. இவ்வளவுக்கும் ஆட்டமுடிவில் தோற்ற அணியின் சிறந்த வீரன் என்ற பட்டம் எமக்கே கிடைத்திருந்தது! அதைப் பார்த்து மூன்று நாட்களாக நாம் மகிழ்ந்துமிருந்தோம். வெட்கத்தை விட்டு இதனை இச்சபையிலே சொல்லுகின்றோம்.

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனோம். அவன் தாயார் தேநீர் தந்தார். பிழை எம்முடையது என்று அவர் கேட்கவே சொன்னோம். அவன் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "நீங்கள் ஆக்களைத் துரத்துறது பிழையெண்டு நான் சொல்லேல்லை அண்ணா. நான் கூப்பிட்டா ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ. அது காணும்" என்றான்.

நாம் எத்தனையோ விளக்கப் படங்களைப் பார்த்திருக்கின்றோம். ஜங்கிளர் பணிக்கு இதைவிட நல்ல இலக்கணம் எவரும் எமக்குச் சொன்னதில்லை. ஐவரிலும் தனியே திரிபவன் அவன். ஆனபடியால் மற்ற நால்வரையும் இடைவிடாது நினைத்துக்கொண்டிருக்க வேண்டியவனும் அவனே. பாதையில் நிற்பவன் தன் பாதையைக் காத்தாற் போதும். ஜங்கிளருக்கு அப்படி எல்லையில்லை. எங்கும் போகலாம் என்ற சுதந்திரம் அவனுக்குத் தரப்பட்டது, எங்கே தேவையோ அங்கே போவதற்காகவே.

உலகப் போட்டிகளைப் பார்த்தாலும் இவ்வுண்மை விளங்கும். 2021ஆம் ஆண்டு சனவரியில் சிங்கப்பூரில் நடந்த இரண்டாவது உலகப் போட்டியின் இறுதியில், பிலிப்பைன்ஸின் பிரென் அணி மியன்மார் அணியை 4-3 என வென்றது. அவ்வணியின் ஜங்கிளர் கார்ல்ட்ஸி இறுதியாட்டத்தின் சிறந்த வீரரானார். 2023 சனவரியில் ஜகார்த்தாவில் அவர் வேறோர் அணியுடன் மீண்டும் கிண்ணத்தை வென்றார். இவர் வேகமும் துணிச்சலும் உள்ளவர். இனி இன்னொருவரைப் பாருங்கள். 2021 டிசம்பரில் உலகக் கிண்ணத்தை 4-0 என வென்ற பிளாக்லிஸ்ட் அணியின் ஜங்கிளர் வைஸ் என்பவர், பொன்னையும் புகழையும் தோழர்களுக்கு விட்டுவிட்டுத் தாம் அடி தாங்கும் வீரர்களைக்கொண்டு ஆடுவதிலே பேர்பெற்றவர். பெரியவர்களுக்கு விளங்கும்படி சொன்னால், கரப்பந்தாட்டத்திலே பந்தை ஏற்றிக் கொடுப்பவனைப் போன்றவர் அவர். அடிப்பவனுக்குக் கைதட்டுகின்றோம், ஏற்றிக் கொடுப்பவன் இல்லாவிட்டால் அடிக்க என்ன இருக்கின்றது? இருவர் வழியும் வேறு வேறு. ஆயினும் ஆமையும் லோர்ட்டும் எழும் நேரத்தில் இருவரும் அங்கே நிற்பார்கள்.

முடிவாக இளைஞர்களுக்கு ஒரு சொல். இவ்விளையாட்டை இடையிலே நிறுத்திவைக்க முடியாது. பத்து முதல் இருபது நிமிடம் வரை செல்லும் ஓராட்டத்தை நடுவில் விட்டெழுந்தால் நால்வர் தவிப்பார்கள். அதே வேளையில் சாப்பிட வரச்சொல்லித் தாய் மூன்றுமுறை கூப்பிட்டும் திரும்பிப் பாராதவன், களத்திலே தோழன் கூப்பிடும்போது திரும்பிப் பார்ப்பான் என்று நாம் நம்பவில்லை. ஆகவே ஆட்டத்தைத் தொடங்குமுன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரியவர்களும் "இன்னும் எத்தனை நிமிடம், தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். லோர்ட் எப்போது எழும்பும் என்பதை அவன் சரியாகச் சொல்லுவானாகில், அவன் நல்ல ஜங்கிளர் என்று அறிந்துகொள்ளலாம்.

போட்டியில் நாம் முதற் சுற்றிலேயே தோற்றோம் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகின்றோம். அந்தப் பிள்ளை எம்முடன் நின்று ஆடினான். இப்போதும் ஆடுகின்றான். அதோ, பின்வரிசையிலே இருக்கின்றான்.