கம்பி வலையும் இரண்டு மாத்திரைகளும்

இதயத் தமனியின் அடைப்பைப் பலூனால் விரித்தபின், அது மீண்டும் சுருங்கிவிடாதபடி உள்ளே நிறுத்தப்படும் நுண்ணிய உலோக வலைக்குழாயே ஸ்டென்ட் எனப்படுகிறது. 1986ஆம் ஆண்டில் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புயெல் என்னும் மருத்துவர் இதனை முதன்முதலாக மனித இதயத் தமனியில் பொருத்தினார். இன்று மணிக்கட்டின் வழியாகவே ஸ்டென்ட் செலுத்தப்பட்டு, சில நாட்களில் வீடு திரும்ப முடிவதால், நோய் அத்தோடு தீர்ந்தது என்ற எண்ணம் எளிதில் வேரூன்றிவிடுகிறது.

உண்மையில், பொருத்திய நாளில் அந்த வலை இரத்தத்துக்கு ஓர் அந்நியப் பொருளாகும். காயம்பட்ட இடத்தில் ஒட்டி இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள், இந்தக் கம்பிகளின்மீதும் திரளக்கூடும். வேலிக்கம்பியின்மேல் கொடி படர்வதுபோல, தமனியின் உட்சுவர்ச் செல்கள் மெல்ல வளர்ந்து வலையை மூடிய பின்னரே அந்த அபாயம் பெரிதும் தணிகிறது. தழும்புத்திசு மிகுந்து மறுபடி அடைத்துவிடாதிருக்க, இக்கால ஸ்டென்ட்டுகளில் பூசப்படும் மருந்து உட்சுவர்ச் செல்களின் வளர்ச்சியையும் தாமதப்படுத்துகிறது என்பதை நேயர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அந்த இடைக்காலத்துக் காவலே ஆஸ்பிரினும், குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் போன்ற இன்னொரு மாத்திரையும் ஆகும். மாரடைப்புக்குப் பின் பொதுவாக ஓராண்டும், மற்றவர்க்கு ஏறத்தாழ ஆறு மாதமும் இவ்விரண்டும் தேவைப்படுகின்றன. இரத்தக்கசிவு அபாயத்தைப் பொறுத்து மருத்துவர் இக்காலத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்.

பல் பிடுங்கவேண்டி, இரத்தம் நிற்காதோ என்ற அச்சத்தில், எவரையும் கேளாமல் ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. அந்நாட்களில் மருந்தின் பிடிக்குள் வராத புதிய தட்டணுக்கள் பெருகுவதால், ஸ்டென்ட் திடீரென அடைபட்டு மாரடைப்பு நேரலாம். ஈறில் கசியும் இரத்தத்தைப் பஞ்சை அழுத்தியோ தையலிட்டோ பெரும்பாலும் நிறுத்திவிடலாம்; அடைபட்ட தமனிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஸ்டென்ட் பொருத்திய தேதி குறித்த அட்டையைப் பல் மருத்துவரிடம் முதலில் காட்டுவதும், உள்ளே இரத்தம் கசிவதன் அறிகுறியாக மலம் தார்போலக் கறுத்தால் மாத்திரையைத் தாமே நிறுத்தாமல் உடனே மருத்துவரை அணுகுவதும் அவசியம்.

ஸ்டென்ட் திறப்பது ஓரிடத்து அடைப்பையே என்பதால், கெட்ட கொழுப்பாகிய எல்.டி.எல். அளவை மருத்துவர் சொல்லும் இலக்குக்குக் கீழே வைக்க ஸ்டாட்டின் மாத்திரையும், இரத்த அழுத்த, சர்க்கரைக் கட்டுப்பாடும், புகையிலையைக் கைவிடுதலும், நாள்தோறும் நடையும் உடன்வர வேண்டும். நெஞ்சுவலி திரும்பினால், காலம் தாழ்த்தாது ஆம்புலன்ஸை அழைப்பதே முறை. இன்றிரவு மாத்திரை அட்டையைக் கையில் எடுக்கும் நேயர், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கம்பிகளின்மேல் செல்கள் படர்ந்துகொண்டிருப்பதை ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், எந்த வேளையும் தவறாது.